பருப்பு வேகாத தண்ணீர்: செட்டிநாட்டு வீடுகளுக்குக் கடினநீர் பற்றி ஓர் எளிய விளக்கம்

போன வருடம் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்காக, நெற்குப்பைப் பக்கம் பூட்டிக் கிடந்த எங்கள் ஊர் வீட்டைத் திறந்தோம். வந்தவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். விடியற்காலையில் துவரம்பருப்பை அடுப்பில் ஏற்றிய சமையல்காரர், ஒரு மணி நேரம் கழித்தும் கரண்டியால் நசுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பருப்பு உடைந்ததே தவிர குழையவில்லை. "அண்ணே, இது போர் தண்ணியா? இதுல வேகாது. நல்ல தண்ணி ரெண்டு குடம் வேணும்" என்றார். பக்கத்து வீட்டு ஆச்சி, தெருக்குழாயில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கொடுத்தார்கள். இரண்டாவது ஈடு பருப்பு அரை மணியில் மலர்ந்துவிட்டது. அதே பருப்பு, அதே அடுப்பு, அதே ஆள். தண்ணீர் மட்டும் வேறு.

பந்தி முடிந்து வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், உட்கார்ந்திருந்தபோது தம்பி மகன் கேட்டான்: "பெரியப்பச்சி, பருப்பே வேகாத தண்ணியை நாம எப்படிக் குடிக்கிறது? முதல்ல ஒரு ஆர்ஓ மெஷின் வாங்கிப் போட்டுருவோம்."

ஆர்ஓ என்பது தண்ணீரில் கரைந்த உப்பையும் சவ்வால் வடிகட்டும் கருவி. அவன் கேட்டதில் இரண்டு கேள்விகள் கலந்திருந்தன. இந்தத் தண்ணீர் சமையலுக்கும் சோப்புக்கும் ஒத்துவருமா என்பது ஒன்று. இதைக் குடித்தால் உடம்புக்கு ஆகுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு 'ஆகாது' என்று பதில் வந்தால் இரண்டாவதற்கும் அதே பதில்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பல வருடம் தண்ணீரை அளந்து பார்த்தவன் என்ற முறையில், அன்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

உப்புத் தண்ணி என்றால் எந்த உப்பு?

நம் பக்கம் தண்ணீர் இரண்டே வகைதான். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. வாயில் கரித்தாலும் உப்புத் தண்ணி, சோப்பு நுரைக்காவிட்டாலும் உப்புத் தண்ணி, குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தாலும் உப்புத் தண்ணி. பேச்சுக்கு இது போதும். ஆனால் இவை ஒரே பொருள் செய்யும் வேலை இல்லை. வாயில் கரிப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது நம் சாப்பாட்டு உப்பு. சோப்பை நுரைக்க விடாமல் செய்வதும், பருப்பை விறைக்க வைப்பதும், குடத்தில் வெள்ளையாகப் படிவதும் கால்சியம், மக்னீசியம் என்ற இரண்டின் வேலை. கடினத்தன்மை என்று சொல்வது இந்த இரண்டின் அளவைத்தான். வாயில் வைத்தால் கரிப்பே தெரியாது, ஆனால் குளித்தால் தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிடும் என்று சொல்லப்படும் கிணறுகள் எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கும். அது கடினநீர், ஆனால் உவர்நீர் இல்லை.

தண்ணீருக்குள் இவை எப்படி வருகின்றன? வானத்திலிருந்து விழும்போது மழைநீரில் இவை இரண்டும் கிட்டத்தட்ட கிடையாது. வரும் வழியில் காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கியதும் இன்னும் அதிகமாகக் கரைத்துக்கொள்கிறது. ஏனென்றால் வேர்களும் நுண்ணுயிர்களும் மண்ணுக்குள் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கின்றன. கரியமில வாயு கரைந்த தண்ணீர் லேசான அமிலம். சோடாவில் நாக்கில் சுருக்கென்று படுவது அதுதான். அந்த லேசான அமிலம் வழியில் தட்டுப்படும் சுக்கான்கல்லையும் பாறையில் உள்ள தாதுக்களையும் அரித்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறது. எவ்வளவு நாள் பாறையோடு உறவாடுகிறதோ அவ்வளவுக்கு அது கடினமாகிறது.

செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் மறுபாதி கண் முன்னாலேயே இருக்கிறது. நம் வீட்டுச் சுவர்களின் வழவழப்பு சுண்ணாம்புப் பூச்சில் வந்தது. சுண்ணாம்பை நீற்றி, நைய அரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவும் மற்றதும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். பூசிய நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. அந்தக் கல்லின் பெயர் கால்சியம் கார்பனேட். வெந்நீர் அண்டாவின் அடியில் படிகிற வெள்ளைப் பொருக்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். சுவரில் நூறு வருடம் நிற்கும்போது அழகு, ஹீட்டர் காயிலில் படியும்போது தொந்தரவு. பொருள் ஒன்றே.

பருப்பும் சோப்பும்

பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. வேகும்போது அந்தப் பசை தளர்ந்து கரைந்தால்தான் பருப்பு குழையும். தண்ணீரில் கால்சியம் அதிகமிருந்தால் அது பெக்டினோடு சேர்ந்து பசையை இறுக்கிவிடுகிறது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு பருப்பாகவே நிற்பது அதனால்தான். பழைய சமையல்காரர்கள் ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுவார்கள். அது பெக்டினைத் தளர்த்தும், பருப்பும் வெந்துவிடும். ஆனால் பருப்பிலுள்ள பி1 வைட்டமினையும் கொஞ்சம் கெடுத்துவிடும். தினமும் போடும் பழக்கம் வேண்டாம் என்பது என் எண்ணம்.

சோப்பு விஷயம் இன்னும் வெளிப்படையானது. சோப்பு கால்சியத்தைக் கண்டதும் அதோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு பிசுக்காகத் திரிந்துவிடும். குளித்தபின் வாளியின் விளிம்பில் வளையமாக ஒட்டியிருக்கும் அழுக்கு, வெள்ளை வேட்டி நாளாக நாளாகப் பழுப்பேறுவது, தலையில் சோப்பு போகாத மாதிரி ஒரு பிசுபிசுப்பு, எல்லாம் அந்தத் திரிந்த பிசுக்குதான். தண்ணீரிலுள்ள கால்சியம் முழுவதும் இப்படித் தீர்ந்தபிறகுதான் சோப்புக்கு நுரைக்க நேரம் கிடைக்கும். அதனால் சோப்பும் அதிகம் செலவாகும். இதற்கு நேர்மாறாக, கடினநீரில் பழகியவர்கள் மழைத்தண்ணீரில் குளித்தால் எவ்வளவு ஊற்றினாலும் சோப்பு போகாத மாதிரி வழுக்குகிறது என்பார்கள். சோப்பு போய்விட்டது. பழகிய பிசுக்கு இல்லாததைத்தான் உடம்பு வழுக்கலாக உணர்கிறது.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர் பாதி, இன்னொன்றில் மழைத்தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரோ பாதி. பார் சோப்பைச் சீவிக் கரைத்த கரைசலை இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். மழைத்தண்ணீரில் சில சொட்டுகளிலேயே கழுத்து வரை நுரை ஏறும். கடினநீர் பால் கலந்த மாதிரி வெளுத்து, நுரையில்லாமல் கிடக்கும். ஒரு கவனம்: துணி துவைக்கும் பவுடரையோ ஷாம்புவையோ போட்டுப் பார்க்காதீர்கள். அவை கடினநீரிலும் நுரைப்பதற்கென்றே செய்யப்பட்டவை, சோதனை பொய்த்துவிடும்.

எண்ணில் சொன்னால்

ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் என்றுதான் கடினத்தன்மையைச் சொல்வார்கள். பிபிஎம் என்று காதில் விழுவதும் நடைமுறையில் அதுவே. கால்சியம், மக்னீசியம் இரண்டையும் கூட்டி, எல்லாமே கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் எவ்வளவு எடை வரும் என்று கணக்கிடுவார்கள். பொதுவாக 60 வரை மென்னீர், 120 வரை நடுத்தரம், 180 வரை கடினம், அதற்கு மேலே மிகக் கடினம் என்று பிரிப்பது வழக்கம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம், ஐஎஸ் 10500, 200 வரை இருப்பதை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பருப்பு வேகாத தண்ணீர் பலவும் இந்த 200-க்கும் 600-க்கும் நடுவில் வரும் தண்ணீர்தான்.

இந்த எண்ணை ஆய்வகத்தில் கண்டுபிடிப்பதைப் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். 50 மில்லி தண்ணீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, மூக்கைத் துளைக்கும் அம்மோனியா கலந்த கரைசல் கொஞ்சம் விடுவோம். அப்புறம் ஒரு சிட்டிகை கறுப்புப் பொடி. அது விழுந்ததும் தண்ணீர் திராட்சை ரசம் போலச் சிவக்கும். கால்சியமோ மக்னீசியமோ இருக்கிறது என்பதற்கு அந்தச் சிவப்பே அடையாளம். மேலே பியூரெட்டில், அதாவது அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில், ஈடிடிஏ கரைசல் இருக்கும். அது கால்சியத்தை நண்டுபோலக் கவ்விக்கொள்ளும் பொருள். ஒரு கையால் குழாயைத் திருகிச் சொட்டு விட, இன்னொரு கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நெடுநேரம் ஒன்றும் நடக்காது. பிறகு சிவப்பு ஊதாவாகத் தயங்கும். அங்கே பொறுமை வேண்டும். இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒன்று. திடீரென்று தெளிந்த நீலம். அத்தோடு நிறுத்தி, பியூரெட்டில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்போம். வழக்கமாகப் பயன்படுத்தும் அளவில் ஈடிடிஏ கலந்திருந்தால், இறங்கிய ஒவ்வொரு மில்லிக்கும் ஒரு மில்லிகிராம் கணக்கு. 21 மில்லி இறங்கியது என்று வையுங்கள். 50 மில்லி தண்ணீரில் 21 மில்லிகிராம். ஒரு லிட்டருக்கு இருபது மடங்கு, 420. அவ்வளவுதான் கணக்கு. முதல் முறை அந்த நீலத்தைப் பார்க்கும் பிள்ளைகளின் முகம் எனக்கு இன்றும் பிடித்த காட்சி.

இப்போது, வீட்டுக்கு வந்து பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டு, "டிடிஎஸ் 800 காட்டுது சார், இதைக் குடிக்கவே கூடாது" என்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கருவி கடினத்தன்மையை அளக்கவில்லை. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும், உப்பு கூடினால் பாய்வதும் கூடும். அந்தப் பாய்ச்சலை அளந்து, மொத்தம் இவ்வளவு உப்பு கரைந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீட்டை அது காட்டுகிறது. டிடிஎஸ் என்பது அந்த மொத்த உப்புதான்.   எந்த உப்பு என்பதை அந்தப் பேனாவால் சொல்ல முடியாது. சாப்பாட்டு உப்பா, சுண்ணாம்பு உப்பா, நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. கிருமி இருப்பதும் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீர் டிடிஎஸ் 300 காட்டலாம், சுத்தமான கிணற்று நீர் 700 காட்டலாம். மொத்த உப்புக்கும் தர அமைப்பு 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை என்றுதான் வைத்திருக்கிறது. 800 என்பது பயந்து ஓட வேண்டிய எண் இல்லை.

ஊருக்கு ஊர், கிணற்றுக்குக் கிணறு

காரைக்குடியைச் சுற்றி செம்மண்ணும் செம்புறாங்கல்லும் மணற்பாறையும். காலகாலமாக மழை கழுவிக் கழுவி, எளிதில் கரையக்கூடிய சுண்ணாம்புச் சத்தெல்லாம் போன மண் அது. சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைக் காரைக்குடிக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். மேற்கே திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கம் போனால் தரைக்குக் கீழே கெட்டிப் பாறை. அங்கே தண்ணீர் பாறை வெடிப்புகளில் தங்கித் தங்கித்தான் நகரும். ஆழ்துளைக் கிணறு எவ்வளவு ஆழமோ, பெரும்பாலும் அவ்வளவு பழைய தண்ணீர், அவ்வளவு கடினம். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் பருப்பு வேகாததன் காரணம் அதுதான். இன்னொரு பக்கம், சிவகங்கை மாவட்டத்தின் பல ஊர்களுக்குத் திருச்சிப் பக்கமிருந்து காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியே வருகிறது. ஆற்று நீர் பாறையோடு அதிகம் பழகாதது, அதனால் மெல்லியது. ஒரே தெருவில் காலையில் குழாயில் வரும் தண்ணீர் ஒரு குணம், பகலில் மோட்டார் போட்டு ஏற்றும் தண்ணீர் வேறு குணம். உள்ளூர்க் குழாயிலேயே சில நாள் ஆற்று நீரும் சில நாள் போர் தண்ணீரும் வருவதுண்டு. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன மெஷின் வாங்கினார் என்பதை வைத்து நம் வீட்டுக்கு முடிவு செய்ய முடியாது.

குடிக்கலாமா?

கடினத்தன்மையை மட்டும் வைத்துக் கேட்டால், குடிக்கலாம். கால்சியமும் மக்னீசியமும் உடம்புக்குத் தேவையானவை. கடினநீர் குடிப்பதால் கெடுதல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சிறுநீரகக் கல்லுக்குக் காரணம் உப்புத் தண்ணிதான் என்று நம் பக்கம் உறுதியாக நம்புகிறார்கள். அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. தெளிவாகத் தெரிந்த காரணம் போதுமான தண்ணீர் குடிக்காதது. நம் வெயிலில், ருசி பிடிக்கவில்லை என்று குறைவாகக் குடிப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். ஏற்கெனவே கல் வந்தவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டும், அது வேறு.

கவலைப்பட வேண்டியவை வேறு இருக்கின்றன. அவை சோப்பிலும் தெரியாது, பருப்பிலும் தெரியாது.

முதலாவது ஃப்ளோரைடு. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, அதிகபட்சம் 1.5. அதற்கு மேல் நீண்ட நாள் குடித்தால், வளரும் பிள்ளைகளின் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழும். அளவு மிகவும் கூடினால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். கெட்டிப் பாறைப் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கால்சியமும் ஃப்ளோரைடும் ஒன்றையொன்று பிடித்துப் படிந்துவிடும் இயல்புள்ளவை. அதனால் ஃப்ளோரைடு அதிகமுள்ள நிலத்தடி நீரில் பொதுவாகக் கால்சியம் குறைவாக இருக்கும். அதாவது நன்றாக நுரைக்கும், பருப்பு வேகும், நாக்குக்கு இதமாக இருக்கும். நல்ல தண்ணி என்று ஊரே சொல்லும் தண்ணீரில் அது ஒளிந்திருக்கலாம். காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட ஃப்ளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும்.

இரண்டாவது நைட்ரேட். கழிவுநீர், எரு, வயலில் போடும் உரம் இவற்றிலிருந்து கிணற்றில் இறங்கும். எல்லை 45 மில்லிகிராம், இதில் சலுகையே கிடையாது. கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் தண்ணீரில் இது கூடியிருந்தால் குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும். இதுவும் காய்ச்சினால் போகாது.

மூன்றாவது கிருமி. நடைமுறையில் நாளைக்கே ஆளைப் படுக்க வைப்பது இதுதான். குழாய்த் தண்ணீரில் லேசான குளோரின் வாடை வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். தெருக்குழாயின் கடைசி வீட்டுக்கு வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்பதே விதி. மிச்சமிருக்கிறது என்றால் வழியில் கிருமி புகுந்தாலும் காவல் இருக்கிறது என்று அர்த்தம். காவல் இல்லாத கிணற்று நீரை ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க விட்டு ஆற்றிக் குடிக்கலாம்.

இரும்பு பற்றி ஒரு வார்த்தை. பிடிக்கும்போது பளிங்காக இருந்து, குடத்தில் வைத்த சில மணி நேரத்தில் பழுப்பேறினால் அது இரும்பு. தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடி போட்டால் கறுத்துவிடும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை, பழைய காலத்தில் எழுத மை செய்ததும் இப்படித்தான். ருசியையும் துணியையும் கெடுக்கும், ஆனால் காற்றாட விட்டு வடிகட்டினாலே பெரும்பகுதி போய்விடும்.

என்ன செய்வது, எதற்குச் செய்வது

கடினத்தன்மையில் இரண்டு உண்டு. கால்சியம் பைகார்பனேட்டாக இருப்பது தற்காலிகம். கொதிக்க வைத்தால் கரியமில வாயு வெளியேறி, கால்சியம் கல்லாகப் படிந்துவிடும். தெளிந்ததை மேலாக இறுத்துக்கொள்ளலாம். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பது நிரந்தரம், கொதிக்க வைத்தாலும் அசையாது. துணி துவைக்க மட்டும் என்றால் வாஷிங் சோடா இரண்டையும் படிய வைத்துவிடும். அதைக் குடிக்கும் தண்ணீரில் போடக் கூடாது.

வீடு முழுக்கக் கடினத்தன்மையைக் குறைக்க சாஃப்ட்னர் என்ற கருவி விற்கிறார்கள். உள்ளே சின்னச் சின்னப் பிசின் மணிகள். அவை கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசல் ஊற்றிக் கழுவ வேண்டும். ஹீட்டருக்கும் வாஷிங் மெஷினுக்கும் இது நல்லது. ஆனால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தால் 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேரும். நம் உதாரணத்தில் வந்த 420-க்கு ஏறக்குறைய 190. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் குடிக்கும் குழாயை இதில் சேர்க்காமல் தனியாக விடுங்கள். செடிக்கும் இந்தத் தண்ணீர் ஆகாது. இன்னொன்று: சாஃப்ட்னர் போட்டபின் டிடிஎஸ் குறையவில்லை என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. குறையாது. ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கும் கருவி அது.

ஆர்ஓ கரைந்திருப்பவற்றில் பெரும்பகுதியை வடிகட்டும், ஃப்ளோரைடு, நைட்ரேட் உட்பட. சோதனையில் இவை கூடுதல் என்று வந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். வறண்ட நம் சீமையில் அது எனக்கு உறுத்துகிறது. மொத்த உப்பு 500-க்குக் குறைந்த இடங்களில் வீட்டு ஆர்ஓ கூடாது என்று 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் இந்த விரயத்தை வைத்துத்தான். காவிரித் தண்ணீர் வரும் குழாயில் ஆர்ஓ மாட்டியிருக்கும் வீடுகளைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. கேண்டில் ஃபில்டர், கிருமியைக் கொல்லும் யூவி விளக்கு இவை கடினத்தன்மையைத் தொடாது. குழாயைச் சுற்றி மாட்டும் காந்தமும் தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுக்காது, பணம் கொடுக்க வேண்டாம்.

பழைய வீடுகளில் ஒரே தண்ணீரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தவில்லை. ஊரில் குடிக்க ஓர் ஊருணி, குளிக்க ஒன்று, மாடு கழுவ ஒன்று. வீட்டுக்குள் நாலு பக்கக் கூரையும் வளவுக்குள் சரிந்திருக்கும், மழை தகரத் தாழ்வாரம் வழியே கிடாரம் என்ற பெரிய பாத்திரத்தில் விழும். எங்கள் அப்பத்தா முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிடுவார்கள். இரண்டாவது மழையிலிருந்துதான் வெள்ளைத் துணி கட்டிப் பிடிப்பார்கள். அது காப்பிக்கும் பருப்புக்கும். கிணற்றுத் தண்ணீர் புழங்க. பெயர் தெரியாவிட்டாலும் மென்னீர் எது, கடினநீர் எது என்று அவர்களுக்குக் கை தெரிந்திருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 சதுர அடிக் கூரையில் வருடத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் 83,000 லிட்டருக்கு மேல் விழும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 66,000 லிட்டர் நிற்கும். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லிட்டர் என்று தாராளமாக வைத்தாலும் வருடத்துக்கு 14,600 லிட்டர்தான். மூடியுள்ள ஒரு தொட்டியும், கொசு புகாத வலையும், குடிக்குமுன் கொதிக்க வைப்பதும் இருந்தால் கூரையே போதும். மழைநீர் சேகரிப்பை 2003-இல் தமிழ்நாடு கட்டாயமாக்கியபோது எல்லோரும் குழி வெட்டினோம். சமையலுக்கென்று ஒரு தொட்டி வைத்தவர்கள் குறைவு.

படிந்த வெள்ளையை எடுக்க எலுமிச்சையோ, புளியோ, வினிகரோ போதும். கால்சியம் கார்பனேட் அமிலத்தில் நுரைத்துக் கரைந்துவிடும். ஷவரை ஓரிரவு வினிகரில் ஊற வையுங்கள். ஆனால் தயவுசெய்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இதைச் செய்யாதீர்கள். கடினநீரால் துடைத்துத் துடைத்துச் சிவப்புக் கல்லில் சாம்பல் பூத்த மாதிரி ஆனதும் ஆசிட் ஊற்றுகிறார்கள். ஆத்தங்குடிக் கல்லின் மேல்முகம் சிமெண்டும் நிறமும். அமிலம் படிவை அரிக்கும்போதே கல்லின் மெருகையும் அரித்துவிடும். பட்டாலை என்ற கூடத்தின் மார்பிளும் சுவரின் சுண்ணாம்புப் பூச்சும் அதே கால்சியம் கார்பனேட். பொருக்கைக் கரைக்கும் எதுவும் அவற்றையும் கரைக்கும். இங்கே மழைத்தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஈரம் காயுமுன் உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதுதான் வழி.

எதை வாங்குவதற்கும் முன்னால் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன, கட்டணம் கட்டி நாமும் கொடுக்கலாம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சோதனைப் பெட்டியும் வழங்குகிறார்கள், ஊராட்சியில் விசாரியுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் கொடுக்கும் பாட்டிலில் மட்டும் பிடித்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து ஒரு முறை பார்த்தால் கிணற்றின் குணம் புரிந்துவிடும்.

காகிதம் கைக்கு வந்ததும் முதலில் கிருமி வரியைப் பாருங்கள். அடுத்து ஃப்ளோரைடு, அடுத்து நைட்ரேட். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பாதிக் கவலை போயிற்று. கடினத்தன்மை கடைசி. அது 600-க்குள் இருந்தால், பருப்புக்கும் காப்பிக்கும் மட்டும் இரண்டு குடம் வேறு தண்ணீருக்கு ஏற்பாடு செய்தால் போதும்.